பின்னட்டையில் ஒரு கை

எங்கள் பத்திரிகையில் எப்போதும் அட்டைதான் முதலில் அச்சாகும். உள்ளே என்ன எழுதுவது என்று ஆசிரியர் குழு மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போதே, தடித்த வழவழப்பான தாளில் அட்டை அச்சாகி, பைண்டிங்குக்குப் போகத் தயாராக நிற்கும். அதில் சில பிரதிகளைக் கட்டாகக் கட்டி விளம்பரப் பிரிவுக்கு அனுப்புவார்கள். விளம்பரப் பிரிவு என்றதும் பெரிய பட்டாளத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். ஒரு மேனேஜர் அம்மா, நான், ஜன்னலோரம் தண்ணீர் காணாத ஒரு செடி. எந்தப் பக்கத்தில் யார் விளம்பரம் வருவது, எது எதற்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று பார்த்துப் போடுவது என் வேலை. பின்னட்டை என் தனிப் பொறுப்பு.

அன்று காலை கட்டைப் பிரித்துப் பின்னட்டையைத் திருப்பினேன். கோட்டுக் கடை விளம்பரம். சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவன் கண்ணாடியைப் பார்த்து நிற்கிறான். அவன் தோளில் ஒரு பெண்ணின் கை குண்டூசி குத்துகிறது. பெண் படத்தில் இல்லை, மணிக்கட்டு வரை கை மட்டும்தான். பக்கம் முழுக்கப் படம் என்பதால் கை கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே இருந்தது. அதன் புறங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, முக்கோணமாக ஒரு தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

அது என் அக்காவின் கை. அந்தத் தழும்பு படத்தில் இருக்கவே கூடாது.

அக்கா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவளுக்குக் கட்டிவைத்த ஆள் பார்க்க லட்சணமாக இருப்பான். தான் லட்சணம் என்பது அவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தாடிக்கு ஒரு எண்ணெய், மீசைக்கு ஒரு மெழுகு, ஒவ்வொரு சட்டைக்கும் ஒரு சென்ட். ஒரு நாள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது காலரில் மடிப்பு சரியாக விழவில்லை என்று அக்காவிடமிருந்த அயர்ன் பாக்ஸைப் பிடுங்கி, அதன் மூக்கை அவள் புறங்கையில் வைத்து அழுத்தினான். பிறகு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கும் போனான். அவன் சாப்பிட்டு முடித்துத் திரும்புவதற்குள் அக்கா தன் குட்டி மகளைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டாள்.

முன்பு நான் அவனை மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டவள். இப்போது எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. 'அந்த ஆள்' என்போம், அதையும் குட்டி தூங்கின பிறகுதான் சொல்வோம். முதலில் போய்த் தங்கிய ஊரில் அக்கா ஒரே ஒரு தோழியிடம் மனம் விட்டுச் சொன்னாள். அந்தப் புண்ணியவதி, குடும்பம் ஒன்று சேரட்டும் என்ற நல்லெண்ணத்தில் அவனுக்குப் போன் போட்டுவிட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலில் அவன் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாட்ச்மேன் சந்தேகப்பட்டு நிறுத்தி வைத்திருந்ததால் பிழைத்தோம். போகும்போது அக்காவிடம் மெதுவான குரலில், "எங்க போனாலும் வருவேன். நீ வேணாம், இவ மட்டும் போதும்," என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா அவனுக்குப் பயப்படுவதெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். எனக்கும் அப்படியே. இந்த ஊருக்கு வந்த பிறகு யாரிடமும் எதுவும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். நல்லவர்களிடம் கண்டிப்பாகச் சொல்வதில்லை.

அக்காவுக்குக் கோட்டுக் கடையின் பின்னறையில் வேலை கிடைத்தது. தோள் இறக்கம், கை நீளம் எல்லாம் ஊசி குத்திச் சரி செய்வாள். எனக்கு இந்தப் பத்திரிகை கிடைத்தது. ஆண்களுக்கான மாத இதழ்: தாடி, வாட்ச், ஷூ, உடம்பு, வண்டி. விளம்பரக்காரர்களிடம் பேசும்போது மேனேஜர் அம்மா எங்கள் வாசகர் யார் என்று ஒரு படம் வரைந்து காட்டுவார். நல்ல வேலையில் இருப்பவர், தோற்றத்தில் அக்கறை உள்ளவர், கண்ணாடி முன் நிற்க நேரம் ஒதுக்குபவர், இதழைத் தூக்கிப் போடாமல் சேர்த்து வைப்பவர். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவேன். எங்கள் வாசகர் முகம் எனக்கு அத்துப்படி. அந்த ஆள் வீட்டுக் குளியலறை அலமாரியில் இந்தப் பத்திரிகைதான் அடுக்கி இருக்கும், ஓரம் கூட மடங்காமல்.

அப்படி இருக்க அக்கா கை எப்படிப் பின்னட்டைக்கு வந்தது என்றால், எல்லாம் என் புத்திசாலித்தனம். கடை முதலாளிக்குத் தன் கடையில் வேலை செய்யும் நிஜக் கை படத்தில் வர வேண்டும் என்று ஆசை. அக்காதான் அங்கே ஊசி குத்துவதில் கெட்டிக்காரி. அவள் மாட்டேன் என்றாள், அவர் விடவில்லை, முகம் வராது கை மட்டும்தான் என்றார். மறுபடி மறுத்தால் ஏன் என்று கேட்பார், அந்தக் கேள்வி வேண்டாமே, என்ன செய்வது என்று அவள் என்னைக் கேட்டாள். நான்தான் தைரியம் சொன்னேன். எங்கள் பத்திரிகையில் எவனுக்கும் பருவும் இல்லை மருவும் இல்லை, எல்லாவற்றையும் துடைப்பம் துடைத்துவிடும் என்றேன். துடைப்பம் என்பது எங்கள் ஆபீஸில் படங்களைச் சுத்தம் செய்யும் அண்ணன். ஆளைப் பார்த்தால் துடைக்கத் துடிப்பவர் என்பதால் அந்தப் பெயர். அவரும் தழும்பைத் துடைத்துத் தந்தார். நான் புரூஃபைப் பார்த்தேன், கை மாசு மருவில்லாமல் இருந்தது, ஓகே போட்டேன். அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தெரியாது.

அட்டையை எடுத்துக்கொண்டு துடைப்பம் அண்ணன் மேஜைக்கு ஓடினேன். அவர் ஒரு நடிகனின் காதோர முடியை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தார்.

"இதத் துடைச்சீங்களே அண்ணே. எப்படி மறுபடி வந்துச்சு?"

அவர் அதைப் பெருமையாகப் பார்த்தார். "முதலாளி நேர்ல வந்தாரும்மா. கை பொம்மைக் கை மாதிரி இருக்கு, நம்ம கடைக் கைன்னா நம்ம கடைக் கையா இருக்கணும்னாரு. அயர்ன் பண்ற இடத்துல சூடு படாத கை உண்டா, அதுதானே அழகுன்னாரு. அப்படியே திருப்பி வெச்சுட்டேன். எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு."

தையல் கடையில் பட்ட சூடு என்றே முதலாளியும் நினைத்திருக்கிறார், அண்ணனும் நினைத்திருக்கிறார். எங்கள் தொழிலில் விளம்பரம் கொடுப்பவர் சொன்னால் சொன்னதுதான், இடையில் இருக்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. அண்ணனைத் திட்ட வாய் வரவில்லை. திட்டினால் காரணம் சொல்ல வேண்டும்.

மேனேஜர் அம்மாவிடம் போய், பின்னட்டையில் ஒரு தவறு, மறுபடி அடிக்கலாமா என்று கேட்டேன். முகவரி தப்பா என்றார். இல்லை. போன் நம்பர் தப்பா என்றார். அதுவும் இல்லை. கையில் ஒரு தழும்பு இருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு லீவு கொடுக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது. விளம்பரக்காரரே கேட்டு வாங்கிய தழும்பு, இதற்கு மேல் என்ன என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்தார்.

என் மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்தேன். படத்துக்கு அடியில் கடையின் முகவரி, தெருப் பெயர், போன் நம்பர், வரும் வழி எல்லாம் இருந்தன. அந்த முகவரிப் பட்டையை நானே சரிபார்த்து, எழுத்து சின்னதாக இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். அவன் இதழைப் பிரிப்பான். பின்னட்டையைத் திருப்புவான். தான் வைத்த முத்திரை தெரியும், அதற்குக் கீழே அவள் இருக்குமிடமும் தெரியும். அவனுக்காகவே தயாரித்தது போல இருந்தது அந்தப் பக்கம்.

பயத்தில் மூளை மரத்துப்போகும் என்பார்கள். என் மூளை அன்று பேய் பிடித்தது போல ஓடியது. முந்தைய இதழில் ஒரு முகக் கிரீம் கம்பெனி தன் விளம்பரத்தின் மேலேயே குட்டி சாஷே ஒன்றை ஒட்டிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. கோட்டுக் கடையும் ஒட்டலாமே. கிரீம் இல்லாவிட்டால் துணி இருக்கிறது. முதலாளிக்குப் போன் போட்டேன். உங்கள் கோட்டுத் துணியில் ஒரு துண்டை விளம்பரத்தின் மேல் ஒட்டினால் வாசகர் தொட்டுப் பார்ப்பார், தொட்டவர் விடமாட்டார் என்றேன். கடையில் வெட்டுத் துணி மூட்டை மூட்டையாக இருப்பது எனக்குத் தெரியும். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இவ்வளவு நாளாக இந்த யோசனையை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டார்.

எங்கே ஒட்டுவது என்பதில்தான் சிக்கல் வந்தது. அவர் மார்புப் பக்கம் ஒட்டலாம் என்றார். நான் கை மேல்தான் ஒட்ட வேண்டும் என்றேன். வாசகரின் கண் முதலில் விரலைப் பார்க்கும், பிறகு விரல் காட்டும் இடத்தைப் பார்க்கும், இதற்கெல்லாம் ஆராய்ச்சி இருக்கிறது என்று வாய்க்கு வந்ததை அள்ளி விட்டேன். ஆராய்ச்சி என்றதும் அவர் அடங்கிவிட்டார்.

பைண்டிங் கூடத்துக்கு நானே போனேன். நீள மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து துணித் துண்டுகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, தழும்பு மறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஓரம் எட்டிப் பார்த்தவற்றைத் திருப்பிக் கொடுத்து மறுபடி ஒட்டச் சொன்னேன். ஒரு கோட்டு விளம்பரத்துக்கு இவள் ஏன் இப்படி உயிரை விடுகிறாள் என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பசையை அழுத்தமாகப் போடுங்கள் என்று கெஞ்சினேன். பைண்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கெட்டிப் பசை போட்டால் அட்டை சுருங்கும், பின்பக்கம் ஊறும், முதலாளியும் துணியைப் பிரித்துத் தொட்டுப் பார்க்கிற மாதிரிதான் கேட்டார் என்றார். அவர் சொன்னது நியாயம். நியாயமானவர்களால்தான் எனக்கு அந்த மாதம் முழுக்கத் தொல்லை.

அக்காவிடம் எதையும் சொல்லவில்லை. இதழ் கடைக்கு வந்த அன்று அவளே தெரிந்துகொண்டாள். முதலாளி ஆசை ஆசையாக அட்டையைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறார், துணி ஒட்டாத பிரதியை. அக்கா வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கதவைத் தாழ் போட்டு, நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள். குட்டி அதை விளையாட்டு என்று நினைத்துத் தன் குட்டி ஸ்டூலையும் கொண்டுவந்து வைத்தாள். பிறகு அக்கா ஜன்னல் திரையின் ஓரத்தைக் கொஞ்சம் போல் விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். என் மேல் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"துணி பிரிஞ்சு வருமா?"

வராது என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு எங்கள் நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், அழைப்பு மணி அடிக்கும் போதெல்லாம் நெஞ்சு வாய்க்கு வந்து திரும்பிப் போனது என்பேன். அக்கா கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துக் குட்டியின் துணிகளை அதில் வைத்தாள். காலையில் அதிலிருந்தே எடுத்து உடுத்தினாள், சாயங்காலம் துவைத்து மறுபடி அதிலேயே வைத்தாள். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேருமாகக் கூட்டிப்போனோம். தெருவில் யாராவது சென்ட் மணக்கக் கடந்து போனால் அக்கா நின்றுவிடுவாள், அவள் விரல்கள் குட்டியின் தோளில் அழுந்தும். அப்போது குட்டி, வலிக்குதும்மா என்பாள்.

ஒரு மதியம் ரிசப்ஷனிலிருந்து போன் வந்தது. யாரோ வாசகர், விளம்பரம் பற்றிப் புகாராம், நீ பேசு என்று இணைப்பைத் தள்ளிவிட்டார்கள். ஹலோ என்றேன். மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஒரு தரம், சின்ன இடைவெளி விட்டு இன்னொரு தரம். அந்த வீட்டில் அவன் எதைப் பேச ஆரம்பித்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பான். அடிப்பதற்கு முன்பும் அப்படித்தான்.

"நான் உங்க பத்திரிகைய ரொம்ப நாளா வாங்கறவன். ஒரு குறை சொல்லணும். பின்னட்டையில துணி ஒட்டியிருக்கீங்க இல்ல, அத எடுத்தா அடியில பசை கறையா நிக்குது. அந்தப் பொண்ணு கை மேல. பழுப்பா, முக்கோணமா. நல்ல படம், பாழாப் போச்சு."

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இது பொறி என்று நினைத்தேன். அவனுக்கு இப்படிச் சுற்றி வளைத்து விளையாடுவது பிடிக்கும். மெதுவாகப் பேசுவான், எதிராளி தானே மாட்டிக்கொள்ளும் வரை காத்திருப்பான். அது யார் கை என்ற அடுத்த கேள்விக்காக நானும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவன் விரலால் துடைத்துப் பார்த்தானாம். பஞ்சை நனைத்துத் துடைத்துப் பார்த்தானாம். அழுத்தித் தேய்த்தால் தாள் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டானாம்.

"போகவே மாட்டேங்குது," என்றான்.

"போகாது சார்," என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகுதான் என் குரலை அவன் அடையாளம் கண்டுவிடுவானோ என்ற பயம் பிடரியில் ஏறியது. அவன் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ள வழியும் இல்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் பேசியதை அவன் எந்த நாளில் காதில் வாங்கினான்? அது அச்சில் வந்த கோளாறு, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டதை நினைத்தால் இன்னும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு இதழையும் புத்தம் புதிதாகச் சேர்த்து வைப்பவனாம், கறை உள்ள பிரதி அலமாரியில் இருந்தால் தூக்கம் வராதாம். அடுத்த மாதம் எங்கள் ஊரில் ஒரு வேலை இருக்கிறதாம். கடை முகவரிதான் அடியிலேயே இருக்கிறதே, நேரே போய் அவர்களிடமே ஒரு நல்ல பிரதி கேட்டு வாங்கிக்கொள்கிறேன், கோட்டும் ஒன்று தைக்கக் கொடுக்க வேண்டும், அந்தத் தோள் வேலை பிரமாதம் என்றான்.

அந்தத் தோள் வேலை அக்காவுடையது.

"கடையில பிரதி இருக்காது சார். நாங்களே கூரியர்ல அனுப்பறோம்."

"சரி. கோட்டு?"

"அவங்க இப்போ புது ஆர்டர் எடுக்கறதில்ல சார். கை நிறைய வேலையாம்."

"அப்புறம் எதுக்கு விளம்பரம்?"

என் தொழில் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு நியாயமான கேள்வியைக் கேட்டதில்லை. பேருக்குத்தான் சார் என்றேன். பிறகு துணிந்து, என் சொந்த விளம்பரக்காரரையே குழியில் தள்ளினேன். தோள் வேலை படத்தில்தான் அப்படி, நிஜத்தில் புகார் நிறைய வருகிறது, நம்ம வாசகர் என்பதால் சொல்கிறேன், வெளியே சொல்ல வேண்டாம் என்றேன். அவன் சிரித்தான். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்றான். பிரதி மட்டும் சுத்தமாக வர வேண்டும், வந்ததும் பார்த்துவிட்டுக் கூப்பிடுவேன், மறுபடி கறை இருந்தால் நேரில்தான் வருவேன் என்றான். முகவரி சொன்னான். அதே தெரு, அதே வீடு. எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும் முகவரி அது. ஆனாலும் ஒவ்வொரு வரியாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அக்கா துவைத்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். குட்டி சமையலறையில் தரையில் உட்கார்ந்து பழைய இதழ் ஒன்றில் எல்லா ஆண்களுக்கும் மீசை வரைந்துகொண்டிருந்தாள், ஏற்கெனவே மீசை இருந்தவர்களுக்கும் சேர்த்து. அவளுக்குக் கேட்காதபடி அக்காவிடம் சொன்னேன்.

அவள் கையிலிருந்த சின்னச் சட்டையைக் கீழே வைத்தாள். "கறைன்னானா?"

"பசைக் கறைன்னு நினைச்சிருக்கான்."

"தொடச்சுப் பாத்தானா?"

"பஞ்ச நனைச்சு."

அக்கா சிரித்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நாளாகிவிட்டது, குட்டி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்படியே சிரித்துக்கொண்டிருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். படம் எடுத்த அன்று தவிர, வெயிலானாலும் மழையானாலும் அவள் விரல் கணு வரை இறங்கும் முழுக்கை ரவிக்கைதான் போடுவாள். அந்த ரவிக்கைக் கையை மேலே இழுத்துவிட்டு, யாரோ ஒருத்தியுடைய கையைப் பார்ப்பது போலத் தன் கையைப் பார்த்தாள்.

"நான் தெனம் இதப் பாத்துப் பாத்து அவன நெனச்சுக்கிட்டு இருந்தேன். அவனுக்கு ஞாபகமே இல்லையாடி?"

நிம்மதியாக இருக்க வேண்டிய நேரம். எனக்கோ அவன் தழும்பை அடையாளம் கண்டு ஓடிவந்திருந்தால் கூட இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது என்று பட்டது. கறையே இல்லாத பிரதி எங்கும் கிடையாது, எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே தழும்பு, அதே மாதிரி ஒன்றை அனுப்பினால் இது பசை இல்லை என்று அவனுக்குப் புரிந்துவிடும், அனுப்பாவிட்டால் கடைக்கே வருவான் என்று சொன்னேன். போலீஸ், வேறு ஊர், வேறு வேலை என்று மாற்றி மாற்றி ஏதேதோ உளறினேன்.

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முன்ன உங்க ஆபீஸ் அண்ணன் துடைச்சுத் தந்தாரே, அந்த மாதிரி ஒண்ணே ஒண்ணு அடிக்க முடியுமா?"

முடியும் என்றேன்.

"துடைச்சே அனுப்பு. அவனுக்கு அது இல்லாமலே போகட்டும். எனக்கு இருக்கு."

மறுநாள் துடைப்பம் அண்ணனிடம் போனேன். பழைய சுத்தமான படத்தை அவர் அழித்துவிட்டிருந்தார், மறுபடி முதலிலிருந்து துடைக்க வேண்டும். எதற்கு என்று கேட்டார். ஒரு வாசகருக்காக என்று சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், திரையில் இருந்த கையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "இது கடைச் சூடு இல்லயா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் அதுவரை துடைத்ததெல்லாம் சர்ரு சர்ரென்று முடிந்துவிடும். அன்று மெதுவாக, பக்கத்துத் தோலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்து மூடினார். தழும்பு ஓரத்திலிருந்து சுருங்கி, ஒரு புள்ளியாகி, இல்லாமல் போனது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் செய்ததை அவன் சௌகரியத்துக்காக நாங்கள் ஒளித்து வைக்கிறோம் என்று தெரிந்துதான் நின்றேன், பயம் என்னை அங்கே நிற்க வைத்தது.

அதே தடித்த தாளில் இரண்டு அட்டை அடித்தோம், ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று. நல்லதைப் பைண்டர் இதழோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். துணித் துண்டை இந்தத் தடவை மார்புப் பக்கம் ஒட்டினேன், முதலாளி ஆசைப்பட்ட இடத்திலேயே. 'அச்சுக் கோளாறுக்கு வருந்துகிறோம்' என்று சீட்டு வைத்துக் கூரியரில் அனுப்பினேன்.

அது போய்ச் சேர்ந்ததும் கூப்பிட்டான். நான் சீட்டில் இல்லை, ரிசப்ஷன் பெண்தான் பேசினாள். வாசகருக்கு ரொம்பத் திருப்தி, இப்போதுதான் படம் படமாக இருக்கிறது என்று சொன்னார், ஊருக்கு வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்றாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். இன்று திருப்தி, நாளைக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. எங்கள் வாசகர் நீண்ட நாள் வாசகர்.

மிஞ்சிய இரண்டாவது அட்டையை அக்கா பார்க்க வேண்டும் என்றாள் என்பதற்காக வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். படத்தில் இருந்த கை இளசாக, ஒரு குறையும் இல்லாமல், கல்யாணத்துக்கு முன்பு இருந்தது போல இருந்தது. குட்டி பென்சிலோடு வந்து நாற்காலியில் ஏறி எட்டிப் பார்த்தாள். அவள் இந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததில்லை, நாங்கள் காட்டவில்லை.

"ஐ, அம்மா கை," என்றாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். எப்படித் தெரியும் என்று நான் குட்டியிடம் கேட்டேன். அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. "அம்மா கைதானே," என்று மறுபடி சொல்லிவிட்டு, படத்தை உற்றுப் பார்த்தாள். முகம் சுருங்கியது. "ஒண்ணு விட்டுட்டாங்க," என்றாள்.

பென்சிலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்குக் கீழே, சரியாக அந்த இடத்தில், ஒரு முக்கோணம் போட்டாள். அம்மாவின் கையைத் திருப்பிப் பார்த்து, ஒரு கோட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். அக்கா தடுக்கவில்லை. குட்டி வரைந்து முடிக்கிற வரை கையை அசைக்காமல் மேஜை மேலேயே வைத்திருந்தாள்.